கேசிங் பைப்பில் முள்ளுக்கொட்டை

1

போன வாரம் எங்கள் குடியிருப்பு நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஜெர்மனிக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் தபால் பெட்டியில் நீள உறையைப் பார்த்தால் எனக்குப் பிரிக்கவே மனசு வராது. குப்பையைத் தப்பான தொட்டியில் போட்டுவிட்டோமா, விசா சங்கதியா, என்ன இழவோ! பிரித்துப் பார்த்தால், 'தங்கள் பால்கனியில் அனுமதி பெறாத குழாய் அமைப்பு காணப்படுகிறது, ஆய்வுக்கு ஆள் வருவார்' என்று எழுதியிருந்தது.

வந்தவர் நல்ல மனுஷர்தான். ஷூவுக்கு மேல் நீல உறை மாட்டிக்கொண்டு உள்ளே வந்தார். பால்கனியில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிற பிளாஸ்டிக் பைப்புகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொன்றும் முழங்கால் உயரம், மேலே ரம்பப் பல் வைத்த நீள நீள இலைகள். "தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது?" என்று கேட்டார்.

"எங்கேயும் போகவில்லை. இது செடிக்குத் தொட்டி" என்றாள் என் பெண் மித்ரா.

"தொட்டி வேண்டுமென்றால் தொட்டி வாங்கலாமே, பைப்பு எதற்கு?"

மித்ரா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். போர்வெல் போடுகிற திருச்செங்கோட்டு ரிக் வண்டியைப் பற்றி இந்த மனுஷரிடம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? "வேர் நேராக இறங்க வேண்டும்" என்று மட்டும் சொன்னாள். அவர் டேப்பை எடுத்து அளந்து, 'உருளை வடிவத் தொட்டிகள்' என்று எழுதிக்கொண்டு, கீழ் வீட்டில் தண்ணீர் சொட்டக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். நம்ம பக்கத்து ஆட்களுக்கு ரிக் என்றால் என்ன, மாமன் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை பாருங்கள்.

2

நாங்கள் இருப்பது, திராட்சைத் தோட்டம் முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு சின்ன ஊர். என் வீட்டுக்காரருக்குப் பாறை துளைக்கும் கருவி செய்கிற கம்பெனியில் வேலை. மலைச்சரிவு முழுக்க செஸ்ட்நட் மரம். தமிழில் கஷ்கொட்டை என்று சொல்வதாகப் படித்திருக்கிறேன். எங்கள் ஊரில் யார் வாயிலும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. மரமே இல்லாத ஊரில் பேர் மட்டும் எப்படி இருக்கும்? ஐப்பசி பிறந்தால் முள்ளம்பன்றிக் குட்டி போல உருண்டை உருண்டையாக விழுந்து வெடிக்கும். உள்ளே பளபளவென்று பழுப்புக் கொட்டை. சுட்டுத் தின்றால் பலாக்கொட்டைக்கும் சர்க்கரைவள்ளிக்கும் நடுவில் ஒரு ருசி.

வந்த முதல் வருஷம் எனக்கு இதெல்லாம் தெரியாது. பஸ் ஸ்டாப்பில் கொட்டிக் கிடந்ததைப் பார்த்து, சும்மா கிடைக்கிறதே என்று ஒரு பை நிறையப் பொறுக்கி வந்து குக்கரில் வைத்துவிட்டேன். கீழ்வீட்டு ஹெல்கா அம்மாள் நான் பையோடு படியேறியதைப் பார்த்து, என்ன அது என்று கேட்டிருந்தார். எனக்கு அப்போது ஜெர்மனில் நாலு வார்த்தைதான் தெரியும். "சமையல், நல்லது" என்றேன். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் மூச்சிரைக்க மேலே வந்து, அடுப்பை அணைத்து, குக்கரை அப்படியே சிங்க்கில் கவிழ்த்துவிட்டார். எனக்குக் கோபம் வந்ததே ஒரு கோபம்! பிறகுதான் தெரிந்தது, அது காட்டுச் சாதி, குதிரைச் செஸ்ட்நட், தின்றால் விஷம். மறுநாள் அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போய், மலையில் தின்கிற சாதி எது என்று காட்டினார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால், "இன்று என்ன சமையல்? நான் பிழைத்துக்கொள்வேனா?" என்று கேட்பார்.

மித்ராவுக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது பதினைந்து வயசில். கொட்டையைப் பொறுக்கி வருவாள். தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மட்டும் ஈர மணலோடு பையில் கட்டி ஃப்ரிட்ஜில் வைப்பாள். கத்தரிக்காய் வைக்கிற இடத்தில் மண்! பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடக்கும். மாசி வாக்கில் பார்த்தால் ஒவ்வொரு கொட்டையிலும் வெள்ளையாக ஒரு வேர் எட்டிப் பார்க்கும். அதை எடுத்து, மேல் பக்கம் வெட்டின பால் டப்பாவில் மண் போட்டு, வேர் கீழே பார்க்கப் படுக்க வைப்பாள். அணில் தோண்டாமல் இருக்க மேலே வலை. "எதுக்குடி இவ்வளவு மெனக்கெடறே?" என்றால், "சும்மாம்மா" என்பாள். அந்த வயசில் எதைக் கேட்டாலும் 'சும்மா'தான்.

3

எங்கள் பக்கம் தாய்மாமன் என்றால் சாதாரணம் இல்லை. காது குத்த அவர் மடி வேண்டும், வயசுக்கு வந்தால் அவர் சீர் வேண்டும், கல்யாணத்தில் அவர் முன்னால் நிற்க வேண்டும். என் அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, எனக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது தங்கவேல் அண்ணன் ஒருத்தர்தான். பத்துப் பதினைந்து வருஷம் ரிக் வண்டியோடு வடக்கே சுற்றி, ஊர் ஊராக போர் போட்டு, இந்தி பேசக் கற்றுக்கொண்டு திரும்பியவர். இப்போது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் மரவள்ளி வைத்துக்கொண்டு இருக்கிறார்.

மித்ரா பெரியவளானது இங்கே. சீர் செய்ய வேண்டுமே என்று அண்ணன் நாங்கள் ஊருக்கு வரும் வரை காத்திருந்தார். அவளுக்குப் பதினாலு வயசாக இருந்தபோது கோடை லீவில் போனோம். அண்ணன் மண்டபம் பிடித்துவிட்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதிக்கு இரண்டு நடை போய்ச் சீர்த் தட்டுக்கு வேண்டியதை மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டிருந்தார். போதாததற்கு, ஊர் முக்கில் ஆளுயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். நடுவில் மித்ராவின் படம், ஓரத்தில் மீசையோடு அண்ணன். சேலத்திலிருந்து காரில் வந்து இறங்கும்போதே இவள் பார்த்துவிட்டாள்.

"எனக்கு நடந்ததை எதுக்கும்மா ரோட்டுல போட்டிருக்காங்க?"

கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள்தானே என்று காலில் விழாத குறை. அவள் அசையவில்லை. விசேஷத்தன்று காலையில் பட்டுப் பாவாடையை எடுத்துக்கொண்டு அண்ணனே அறை வாசலுக்கு வந்தார். இவள் முகத்துக்கு நேராகச் சொன்னாள், "எனக்கு வேண்டாம் மாமா. இது அசிங்கம்."

அவளிடம் இருந்த தமிழே கொஞ்சம். அதில் கைக்கு எட்டினது அந்த வார்த்தை. அண்ணன் பாவாடையை எடுத்துக்கொண்டு திரும்பினார். மண்டபத்துக்குப் போய், வந்த சனத்துக்கெல்லாம் இலை போட்டு, "புள்ளைக்கு மேலுக்கு முடியலைங்க" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். சாயங்காலம் தானே ஏணி போட்டு ஏறி ஃப்ளெக்ஸைக் கழற்றினார். பங்காளி ஒருத்தன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சீமைக்காரிக்குச் சீர் செய்யப் போனியாக்கும்" என்று சிரித்தது எனக்கே கேட்டது. ஆத்திரத்தில் யாரைத் திட்டுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை.

அதோடு பேச்சு நின்றது. வாரா வாரம் என்னோடு பேசுவார். கடைசியில், "பாப்பா நல்லாருக்குதா?" என்பார். "இருக்காண்ணா, குடுக்கட்டுமா?" என்றால், "படிக்குதாட்ட இருக்கு, உடு" என்று வைத்துவிடுவார். இவள் படிக்கவெல்லாம் மாட்டாள். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. சாகிற வரைக்கும் இப்படியே போய்விடுமோ என்று எனக்கு ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

4

பேச்சுவாக்கில் ஒரு நாள் அண்ணனிடம் சொன்னேன், மித்ரா பால்கனியில் மரம் வளர்க்கிறாள், முள்ளுக்குள் இருக்கிற கொட்டை, பால் டப்பாவில் முளைக்க வைக்கிறாள் என்று. "உம்" என்றார். அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து நங்கை கூப்பிட்டார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். "ஏனம்மிணி, உங்கண்ணன் யூடியூபைப் பாத்துட்டு இமாச்சல்காரன் ஒருத்தன்கிட்ட இந்தில பேசி, என்னமோ கொட்டை வரவழைச்சிருக்காரு. என்னங்கன்னு கேட்டா, முள்ளுக்கொட்டைங்கறாரு. முள்ளையே காணோம்!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணி வந்தது. வாயைத் திறக்காமல் இருந்துகொண்டேன்.

கார்த்திகை கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். மழை, மரவள்ளி விலை, பக்கத்துத் தோட்டத்து வரப்புத் தகராறு என்று ஊர்க்கதை எல்லாம் பேசினார். பேச வந்தது அதுவல்ல என்று எனக்குத் தெரியாதா? கூடப் பிறந்தவள் ஆச்சே. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அம்மிணி, அந்தப் புள்ளைகிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லோணும். அந்தக் கொட்டை எத்தன நாள்ல மொளைக்கும்?" என்றார்.

பார்த்தீர்களா! சபையில் தலைகுனிந்ததைக்கூட மனுஷர் மூன்று வருஷம் தாங்கிக்கொண்டார். போட்ட விதை முளைக்கவில்லை என்பதை ஒரு மாதம் தாங்க முடியவில்லை.

"எனக்கென்ன தெரியும், நீங்களே கேளுங்க" என்று சொல்லி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மித்ரா கையில் திணித்துவிட்டு, அடுப்பைப் பார்ப்பது போல நகர்ந்துவிட்டேன்.

"மாமா?" என்றாள். நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏஞ்சாமி... அந்த முள்ளுக்கொட்டை போட்டேன், ஒண்ணும் மொளைக்கலியே?"

"எப்படிப் போட்டீங்க மாமா?"

"எப்படியா? நம்ம வழக்கந்தான். கொட்டை ஈரமா வந்துச்சு. நாலு வெயிலு நல்லாக் காயப் போட்டு, சாம்பல்ல பொரட்டி, ரெண்டு வாரம் பானைல வெச்சிருந்து வெதைச்சேன்."

"காய வெச்சீங்களா? ஐயோ மாமா! கொன்னுட்டீங்க!"

எங்கள் அண்ணனிடம் ஊரில் ஒருத்தரும் அப்படிப் பேச மாட்டார்கள். ஃபோனிலிருந்து கடகடவென்று சிரிப்பு வந்தது.

"கொன்னுட்டனா? அட என்ற சாமி! வெதையக் காய வெக்காம வெதைச்சவன எங்க காணறது?"

நியாயம்தானே? சோளமோ கடலையோ ஆமணக்கோ, விதை என்றால் கல்லு மாதிரி காய்ந்து சாம்பல் பூசி இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறினது. மித்ரா அவளுக்குத் தெரிந்த தமிழில், நடுநடுவே என்னிடம் வார்த்தை கேட்டுக் கேட்டு, விளக்கினாள். இந்தக் கொட்டை காய்ந்தால் செத்துப்போகும், குளிரில் ஈரமாகத் தூங்கி எழுந்தால்தான் முளைக்கும்.

"இங்க ஏது சாமி குளிரு? மார்கழிலயே ஃபேன் ஓடுது."

"ஃப்ரிட்ஜ் இருக்குல்ல?"

"அது உங்கத்தையோட ராஜ்ஜியம். உள்ள கைய உட முடியாது."

"அத்தைகிட்ட நான் பேசறேன். குடுங்க."

அன்றைக்கு அடுப்பில் இருந்த பொரியல் தீய்ந்துபோனது. போகட்டும், கழுதை.

5

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் எனக்கில்லை என்றாகிவிட்டது. நேராக அவளுக்கே வீடியோ கால். எனக்கு ஓரமாக ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். இமாச்சல்காரனிடம் இரண்டாம் தவணைக் கொட்டை வந்தது. மல்லித்தழை வைக்கிற இடத்தில் மண் மூட்டை ஏறியதும், நங்கை என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பாட்டம் புலம்பினார். மாசியில் வேர் விட்டபோது அவரேதான் முதலில் பார்த்துக் கூச்சல் போட்டிருக்கிறார், வெங்காயம் எடுக்கப் போன இடத்தில்.

தொட்டி விஷயம் அப்போதுதான் வந்தது. இந்த மரத்துக்கு ஆணிவேர் பிடிவாதக்கார வேர். சின்னத் தொட்டியில் வைத்தால் அடியில் போய் முட்டி, சுருண்டு சுருண்டு தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும். பால் டப்பா ஆழம் போதவில்லை என்று மித்ரா புலம்பிக்கொண்டிருந்தாள். "ஆழந்தானே வேணும்? இரு" என்று அண்ணன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ரிக் காலத்துக் கேசிங் பைப்புத் துண்டுகள், போர் குழிக்குள் மண் சரியாமல் இறக்குகிற பைப்பு, ஒரு மூலையில் கிடந்தது. ஆக்சா பிளேடால் அறுத்து, அடியில் கம்பி வலை கட்டி, செங்கல் மேல் நிறுத்திக் காட்டினார். அடியில் காற்றுப் பட்டால் வேர் நுனி அங்கேயே நின்று, பக்கத்தில் நிறைய வேர் விடும் என்று இவள் சொல்லி வாய் மூடவில்லை, அவர் செய்தே முடித்துவிட்டார்.

"மாமா, சூப்பர்! இது மாதிரி யாருமே பண்ணலை."

"போர் போடறவனுக்கு ஆழம் தெரியாதா சாமி?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுவாரமே இவள் அப்பாவை இழுத்துக்கொண்டு கட்டுமானக் கடைக்குப் போய்ப் பைப்பு வாங்கி வந்துவிட்டாள். அதுதான் அந்த 'அனுமதி பெறாத குழாய் அமைப்பு'.

அண்ணன் போட்டதில் நாலு முளைத்து, மூன்று போய், ஒன்று நின்றது. பங்குனியில் இரண்டு விரல்கடை உயரம். நிழல்வலை போட்டு, பைப்பைச் சுற்றி ஈரச் சாக்குக் கட்டி, குழந்தையை ஊட்டி வளர்க்கிற மாதிரி வளர்த்தார். இவளுடைய தமிழ் இந்த ஆறு மாதத்தில் தேறின மாதிரி, நான் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துப் போன ஏழு வருஷத்தில் தேறவில்லை. தமிழ் என்றால் கொங்குத் தமிழ். ஒரு நாள் என்னையே, "ஏனுங்கம்மா, சோறு ஆச்சுங்களா?" என்று கேட்டாள். அவள் அப்பா புரையேறிச் சிரித்தார்.

அசிங்கம் என்று சொன்னதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவும் மாட்டார்கள். நானும் கிளறவில்லை.

6

இப்போது ஆடி. பைப்புப் பார்க்க ஆள் வந்துபோன மறுநாள் நங்கை கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி, "அம்மிணி, உங்கண்ணனுக்குத் தெரிய வேண்டாம். உங்கிட்டச் சொல்லாட்டி எனக்கு மண்டை வெடிச்சுரும்" என்றார்.

"என்ன நங்கை? அண்ணனுக்கு உடம்பு கிடம்பு..."

"அவருக்கென்ன கேடு, குண்டுக்கல்லாட்டம் இருக்காரு. அந்தச் செடி போயிருச்சு. இப்ப இல்ல, வைகாசிலயே. கத்திரி வெயில்ல இலை கருகி, தண்டும் காஞ்சுருச்சு. இவரு நம்ப மாட்டேங்கறாரு, வேரு உசுரோட இருக்கும், மறுக்கா தழையும்னு வெறும் பைப்புக்குத் தெனமும் தண்ணி ஊத்தறாரு. புள்ளைகிட்டச் சொல்லிருங்கன்னா கண்ணு கலங்குது அம்மிணி. செடி போச்சுன்னு தெரிஞ்சா அப்பறம் பாப்பா எங்கிட்ட எதுக்குப் பேசும்ங்கறாரு."

ரிக் மேல் நின்று ராஜஸ்தான் பாறையை உடைத்த மனுஷர். ஒரு சாண் செடி செத்ததைச் சொல்லப் பயந்துகொண்டு, வாரா வாரம் 'ஜோரா இருக்குது சாமி' என்று பொய் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணா, என் அண்ணா, என்று சமையலறையில் உட்கார்ந்து அழுதேன்.

இவளிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று பால்கனிக்குப் போனேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "மாமா செடியாம்மா? செத்துப்போச்சு, தெரியும்" என்றாள்.

"உனக்கு யாருடி சொன்னா?"

"ஜூன்ல காட்டச் சொன்னேன். நெட் இல்லைன்னார். வீடியோ கால்ல இருந்துக்கிட்டே சொல்றார்மா, நெட் இல்லைன்னு." சிரித்தாள், சரியாகச் சிரிக்கவில்லை. "அந்த வெயில்ல அது நிக்காதுன்னு எனக்கு முதல்லயே தெரியும்."

"அப்புறம் ஏன்டி வாராவாரம் செடி எப்படி இருக்குன்னு கேக்கறே?"

"கேக்கலைன்னா அவருக்குத் தெரிஞ்சுரும், எனக்குத் தெரியும்னு. வெக்கப்பட்டுக்கிட்டு ஃபோனே பண்ண மாட்டார். அப்புறம் யாரும்மா என்னை சாமின்னு கூப்பிடுவா?"

அவளைக் கட்டிக்கொண்டேன். பெரிய பெண் ஆகிவிட்டாள், என் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டாள். 'விடும்மா, தண்ணி கொட்டுது' என்று நெளிந்தாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கூப்பிட்டார். நான் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"மாமா, செடி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன சாமி, ஜோரா இருக்குது. நேத்துக்கூட ஒரு துளிர் உட்டுருக்குது."

"தண்ணி ரொம்ப ஊத்தாதீங்க."

"இல்ல சாமி, அளவாத்தான்."

வழக்கமாக இதோடு பேச்சு வேறு பக்கம் போகும். இவள் போக விடவில்லை. "மாமா, மார்கழி லீவுக்கு நான் ஊருக்கு வாரேன். தனியா. அப்பாகிட்டக் கேட்டுட்டேன்" என்றாள். என்னிடம் கேட்கவில்லை, கவனித்தீர்களா? துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

அண்ணன் முகம் திரையில் அப்படியே நின்றது. மீசையை இழுத்தார். வேறு பக்கம் பார்த்தார். திரும்பினார்.

"வா சாமி. நல்லா வா. செடி ஒருவேளை இல்லாட்டியும்... வருவீல்ல?"

"செடியப் பாக்கவா மாமா வாரேன்?"

அவர் ஃபோனைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். திரையில் உத்தரம் தெரிந்தது, சுவர் தெரிந்தது, வாசல் வெளிச்சம் தெரிந்தது. "இந்தா, எங்க போயிட்டே? இங்க வா, நம்ம புள்ள வருதாமா!" என்று நங்கையைக் கூப்பிட்ட குரல் பாதியில் உடைந்து, மறுபடி சேர்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது.